நான்காவது வயது யார் கணக்கில்?

என் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது அவனுக்கு நான்கு வயது முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. என் மகள் கிண்டர்கார்டனில் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயதாக இரண்டு மாதம்தான் பாக்கி. ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவன் சேர்ந்தது இங்கிலாந்தில், ரெடிங் நகரத்தில். இவள் சேர்ந்தது நியூ ஜெர்சியில். இடையில் என் கணவரின் வேலை மாறி நாங்கள் குடிபெயர்ந்திருந்தோம். இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31க்குள் நான்கு வயது முடிந்தால் செப்டம்பரில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு. நியூ ஜெர்சியில் எங்கள் பள்ளி மாவட்டத்தில் அக்டோபர் 1க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அவன் ஆகஸ்டில் பிறந்தவன், அவள் நவம்பரில் பிறந்தவள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பள்ளி தொடங்கும் வயதில் கிட்டத்தட்ட இரண்டு வருஷ வித்தியாசம் வந்தது இப்படித்தான்.

இதைச் சொன்னாலே இரண்டு ஊரிலும் பேச்சு சூடுபிடித்துவிடும். இங்கே நியூ ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், முதல் தடவை கேட்டபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நாலு வயசிலா? யூனிஃபார்ம் போட்டு, முழு நாளுமா? கொஞ்ச நாள் குழந்தையாக இருக்க விடமாட்டார்களா?" என்றார். ரெடிங்கில் மகனின் பழைய வகுப்புத் தோழனுடைய அம்மா வீடியோ அழைப்பில் இதற்கு நேர் எதிராகக் கேட்டார். "ஆறு வயசாகப் போகிற பிள்ளைக்கு இப்போதுதான் எழுத்துச் சொல்லித் தருகிறார்களா? அதுவரைக்கும் அவள் என்னதான் செய்தாள்?" இரண்டு பேரும் அக்கறையில் கேட்டவர்கள்தான். ஆனால் இரண்டு பேர் சொன்னதும் நான் கண்ணால் பார்த்ததோடு ஒட்டவில்லை. அதுதான் ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

## சேற்றுச் சமையலறை

ரிசப்ஷன் வகுப்பு என்றதும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து எழுதும் குழந்தைகளைத்தான் அமெரிக்கப் பெற்றோர்கள் கற்பனை செய்கிறார்கள். என் மகனின் வகுப்பில் தோட்டத்துக்குப் போகும் கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும். வெளியே பழைய பாத்திரங்கள், கரண்டிகள், ஒரு மரப்பலகை மேடை, பக்கத்தில் மண்மேடு. அதற்கு மட் கிச்சன் என்று பெயர். மழை தூறினால் உள்ளே கூப்பிட மாட்டார்கள். தலை முதல் கால் வரை மூடுகிற நீர் புகாத உடுப்பையும் ரப்பர் பூட்ஸையும் மாட்டி வெளியே அனுப்புவார்கள். மகன் சேற்றில் "சூப்" வைத்து டீச்சரிடம் நீட்டுவான். அவர் குனிந்து வாங்கி, உப்பு போதவில்லை என்று சொல்லித் திருப்பித் தருவார். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பகல் பொழுது என்ன வேண்டும்? 30 குழந்தைகளுக்கு மேல் ஓர் ஆசிரியரிடம் விடக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர், கூடவே ஓர் உதவியாளர். மதியச் சாப்பாடு பள்ளியிலேயே, இலவசமாக. 2014 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன் முதல் இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உண்டு. வீட்டு வருமானம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

படிப்பும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தினமும் கொஞ்ச நேரம் ஃபோனிக்ஸ். எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளின் ஒலியில்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் அந்த ஆறை வைத்தே நிறையச் சின்னச் சொற்களைக் கூட்டிப் படித்துவிடலாம். சில மாதங்களில் மகன் என்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டான். மூன்று எழுத்து சேர்ந்து ஒரே ஒலி வந்தால் அது ட்ரைகிராஃப் என்று, முன்பல் விழாத வாயால் விளக்குவான்.

வலித்தது வேறு இடத்தில். வகுப்பில் அவன்தான் கடைசிப் பிள்ளை. செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்த ஒரு சிறுமி அவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவள். நான்கு வயதில் ஒரு வருஷம் என்பது வாழ்ந்த காலத்தில் கால்வாசி. அவள் கோட்டின் ஜிப்பைத் தானே போட்டுக்கொள்வாள், சாப்பாட்டுத் தட்டைக் கொட்டாமல் தூக்கிப் போவாள், டீச்சர் சொன்ன மூன்று வேலைகளையும் வரிசையாக நினைவில் வைத்திருப்பாள். என் மகன் ஸ்வெட்டர் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு அவள் பின்னால் நடப்பான். மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுவான். ஆகஸ்ட் 31ஆம் தேதி பிறந்த பிள்ளையும் செப்டம்பர் 1ஆம் தேதி பிறந்த பிள்ளையும் ஒரு நாள்தான் வித்தியாசம், ஆனால் படிப்பில் ஒரு வருஷம் தள்ளி. ஆகஸ்ட் பிள்ளைகள் தேர்வுகளில் பின்தங்குவதையும், இடைவெளி குறைந்துகொண்டே வந்தாலும் 16 வயதுத் தேர்வு வரைக்கும் அதன் தடம் இருப்பதையும் லண்டனில் உள்ள நிதி ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறது.

அடுத்த வருஷம், முதலாம் வகுப்பில், அந்தத் தோட்டக் கதவு மூடிவிட்டது. நாற்காலி, மேசை, நோட்டு எல்லாம் வந்தன. ஜூன் மாதம் ஃபோனிக்ஸ் சோதனை. 2012 முதல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு முதலாம் வகுப்புப் பிள்ளையும் 40 சொற்களை டீச்சரிடம் தனியாக உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். அதில் 20 நிஜச் சொற்கள், 20 பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விசித்திர ஜந்துவின் படம் இருக்கும், பிள்ளைகள் அதை ஏலியன் வார்த்தை என்பார்கள். மனப்பாடமாகச் சொல்கிறதா, எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு. வீட்டில் பழகும்போது "ஸ்ட்ரோம்" என்று அச்சிட்டிருந்ததை மகன் "ஸ்டோர்ம்" என்று வாசித்தான். அர்த்தம் தேடுகிற பிள்ளை அப்படித்தான் வாசிக்கும். 32 வந்தால் தேறியதாகக் கணக்கு. வராவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி. அவன் தேறிவிட்டான். அவனோடு ஒரே மாதத்தில் பிறந்த அவன் நண்பன் தேறவில்லை. அந்தப் பையன் வகுப்பிலேயே கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறவன். நான்கு வயதில் சொல்லித் தரத் தொடங்கியதை, ஆறு நிறைவதற்குள் சோதித்து, "இன்னும் எட்டவில்லை" என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது சரியில்லை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் அமெரிக்காதான் குழந்தைகளை விளையாட விடுகிறதா? மகளின் கிண்டர்கார்டன் வகுப்பில் நான் பார்த்தது மேசைகளைத்தான். காலையில் கொடிக்கு உறுதிமொழி, கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்து நாட்காட்டி பார்ப்பது, அப்புறம் எழுத்து, கணக்கு, ஒர்க்‌ஷீட். வெளியே விளையாடும் ரீசஸ் ஒரே ஒரு தடவை. குளிர் அதிகமாக இருந்தாலோ மழை பெய்தாலோ அதுவும் வகுப்புக்குள்ளேயே. நூறாவது பள்ளி நாளில் நரைமுடி விக் வைத்து, தடி ஊன்றி, நூறு வயதுப் பாட்டி வேஷத்தில் போனது அவளுக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் சிறுவயதில் போன கிண்டர்கார்டனை மனதில் வைத்துத்தான் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றும். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998ஐயும் 2010ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிண்டர்கார்டனிலேயே பிள்ளைகள் வாசிக்கக் கற்க வேண்டும் என்று நினைத்த ஆசிரியர்கள் 1998இல் 31 சதவீதம். 2010இல் 80 சதவீதம். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வகுப்பின் குணமே மாறிவிட்டது. பழைய நினைவு மட்டும் பெற்றோர் மனதில் அப்படியே இருக்கிறது.

## "எவ்வளவு கட்டினீர்கள்?"

இந்தச் சிக்கல் எனக்குப் பிடிபட்டது ஒரு கோடைக்கால மாலையில். பக்கத்து வீட்டுப் பெண்மணி கடைசிப் பையனைப் பற்றிப் பேச வந்திருந்தார். அவன் ஜூலையில் பிறந்தவன். செப்டம்பரில் கிண்டர்கார்டன் அனுப்பலாம், அல்லது ஒரு வருஷம் நிறுத்தி வைத்து ஆறு வயதில் அனுப்பலாம். இங்கே இதை ரெட்ஷர்ட்டிங் என்கிறார்கள். கோடையில் பிறந்த பையன்களுக்கு, அதுவும் வசதியான வீடுகளில், இதை அதிகம் செய்கிறார்கள். வகுப்பில் மூத்தவனாக இருந்தால் தன்னம்பிக்கை வரும், விளையாட்டு அணியில் இடம் கிடைக்கும் என்று பேச்சு. அவருக்கும் ஆசைதான். கையில் ஒரு காகிதத்தில் எண்கள் எழுதி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் முழுநாள் ப்ரீஸ்கூல் என்றால் மாதம் 1,500 டாலருக்கு மேல். நிறுத்தி வைத்தால் அது இன்னும் ஒரு முழு வருஷம்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டார், "உங்கள் பையன் போனானே, அந்த நாலு வயசு வகுப்பு, அதற்கு எவ்வளவு கட்டினீர்கள்?"

ஒன்றும் கட்டவில்லை என்றேன். அரசுப் பள்ளி. சாப்பாடும் சேர்த்துத்தான்.

அவர் காகிதத்தை மடித்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மூத்த மகள் பிறந்தபோது அவர் இருந்த மாநிலத்தில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் குறைந்தது 50 பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால். மூன்று மாதக் குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு அலுவலகத்தில் ஒரு ஸ்டோர் ரூமில் கதவைப் பூட்டிக்கொண்டு பால் எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு மாதம்கூட விடாமல் யாராவது ஒரு பிள்ளைக்காகக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கிறார். "நான் ஏதோ குழந்தைப் பருவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயசு வரைக்கும் எனக்கு வேறு வழியே கொடுக்கவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதை நான் பலவிதமாகத் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். நான்கு வயதா ஐந்து வயதா என்று நாங்கள் எல்லோரும் குழந்தை மனோதத்துவம் பேசிக்கொண்டிருந்தோம். கேள்வி அதுவே இல்லை. நான்காவது வயதில் ஒரு பிள்ளை பகல் முழுக்க எங்கேயோ இருந்தாக வேண்டும், யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் அந்த வருஷத்தை அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் அது பெற்றோர் கணக்கில் விட்டுவிடப்பட்டது. இரண்டு ஊர்ப் பெற்றோரும் தங்களுக்கு வாய்த்ததைத் தாங்களே தேர்ந்தெடுத்த கொள்கை மாதிரிப் பேசுகிறார்கள். அங்கே "சீக்கிரம் தொடங்கினால் நல்லது", இங்கே "மெதுவாகத் தொடங்கினால் நல்லது".

இங்கிலாந்தைத் தூக்கிப் பிடிக்கவும் நான் தயாராக இல்லை. 52 வாரம் மகப்பேறு விடுப்பு, அதில் 39 வாரம் ஏதோ ஒரு தொகையாவது கையில் வரும் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் விடுப்பு முடிந்து மூன்று வயது வரை நர்சரிக் கட்டணம் எங்கள் சம்பளத்தைத் தின்றது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ரெடிங்கில் நாங்கள் கட்டியது வீட்டுக் கடன் தவணையைவிட அதிகம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே வாரம் 30 மணி நேரம் இலவச நர்சரி என்ற திட்டம் முழுசாக வந்தது 2025 செப்டம்பரில்தான். அதேபோல அமெரிக்கா முழுக்க ஒரே நிலைமையும் இல்லை. ஒக்லஹோமா 1998லேயே நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுப் பள்ளியில் இடம் கொடுத்தது. நியூ ஜெர்சியிலேயே, பள்ளிகளுக்கான நிதி பற்றிய ஆபட் வழக்கில் அதே 1998இல் வந்த தீர்ப்பினால், மிக ஏழையான 31 பள்ளி மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுக்குத் தரமான இலவச ப்ரீஸ்கூல் வந்தது. எங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இல்லாததால் நாங்கள் கட்டினோம். நீதிமன்றம் சொன்னதும் முடிந்திருக்கிறது என்றால், முடியாத காரியம் இல்லை என்றுதானே அர்த்தம்.

வரலாற்றைப் பார்த்தாலும் எந்த வயதும் குழந்தையைப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் ஐந்து வயது என்பது 1870ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து, 1880இல் எல்லோருக்கும் கட்டாயமானது. தெருவிலும் நெரிசலான குடியிருப்புகளிலும் இருக்கும் பிள்ளையைச் சீக்கிரம் உள்ளே கொண்டுவந்து, பத்து வயதில் வேலைக்கு விட்டுவிடும் காலம் அது. ஐந்து நான்கானது அப்புறம். சட்டப்படிக் கட்டாயம் இன்றைக்கும் ஐந்துதான், ஆனால் வருஷத்துக்கு ஒரே சேர்க்கை, செப்டம்பரில், என்றாகிவிட்டதால் அநேகமாக எல்லோரும் நான்கு வயதில் அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் பள்ளி ஆறு வயதில் தொடங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரெட்டே ஷுர்ட்ஸ் 1856இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் வீட்டிலேயே கிண்டர்கார்டன் நடத்தினார். 1873இல் செயின்ட் லூயிஸில் சூசன் ப்ளோ அதைப் பொதுப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஆறு வயதுக்கு முன்னால் ஓர் அறை கூடுதலாகக் கட்டியது மாதிரி ஐந்து வயது ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னால் ஓர் அறை கட்டப் பெரும்பாலான இடங்களில் இன்றுவரை பணம் ஒதுக்கவில்லை.

## வாசலும் கார் வரிசையும்

அன்றாட வாழ்க்கையில் எனக்கு அதிகம் உறைத்தது வகுப்பறை இல்லை, பள்ளி வாசல்தான். ரெடிங்கில் பள்ளி நடக்கிற தூரம். இடம் கொடுப்பதே பெரும்பாலும் வீட்டிலிருந்து உள்ள தூரத்தை அளந்துதான். காலை எட்டே முக்காலுக்குக் குடையோடு ஒரு கூட்டம் வாசலில் நிற்கும். நர்ஸ், பிளம்பர், பேராசிரியர், பேரனைக் கூட்டிவந்த பஞ்சாபித் தாத்தா, நான். மழையைத் திட்டியபடி ஆரம்பித்த பேச்சில்தான் எனக்கு அந்த ஊரே அறிமுகமானது. யார் வீட்டில் சின்னம்மை போட்டிருக்கிறது என்பதுகூட அங்கேதான் தெரியவரும். அம்மை என்றால் யாரும் பதற மாட்டார்கள், "சின்ன வயசிலேயே வந்து போகட்டும்" என்பார்கள். அமெரிக்காவில் 1995லிருந்து அதற்குத் தடுப்பூசி உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது மகனுக்கு ஏற்கனவே அம்மை வந்து போய்விட்டது என்று நான் சொன்னதும் பள்ளி நர்ஸ் அதிர்ந்துபோய், டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார். பிரிட்டனில் 2026 ஜனவரியில்தான் அது வழக்கமான தடுப்பூசிகளில் சேர்ந்தது.

நியூ ஜெர்சியில் வாசல் என்று ஒன்றே இல்லை. கார்கள் வரிசையாக ஊர்ந்து வரும், முன் கண்ணாடியில் பிள்ளையின் எண் எழுதிய அட்டை, ஆசிரியர் கதவைத் திறந்து ஏற்றிவிடுவார், அடுத்த கார். முதல் வருஷம் முழுக்க எனக்கு மற்ற பெற்றோர்களின் பின்பக்க விளக்குகள்தான் தெரியும். ஆனால் மஞ்சள் பஸ்ஸைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் முடிவான அந்த மஞ்சள் நிறம் வந்து நின்று, பக்கவாட்டில் சிவப்புப் பலகை விரிந்ததும், சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் 25 அடி தள்ளி அப்படியே நின்றுவிடும். அவசரத்தில் இருக்கிற லாரிகூட நிற்கும். ஒரு சின்னப் பிள்ளை சாலையைத் தாண்டுவதற்காக ஊரே காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழும்.

அதே நாட்டில்தான் இதுவும். நியூ ஜெர்சிச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் மாதம் ஒரு தீயணைப்புப் பயிற்சியும் ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் நடத்த வேண்டும். கிண்டர்கார்டன் சேர்ந்த முதல் மாதம் மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: டீச்சர் விளக்கை அணைத்தார், நாங்கள் பை மாட்டுகிற சுவர் ஓரமாக உட்கார்ந்தோம், என் பிங்க் ஷூவில் லைட் எரியும் இல்லையா, அதனால் டீச்சர் அதைக் கையால் மூடிக்கொண்டார். நான் தட்டில் சோறு பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் அடுத்த வருஷமே கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அமெரிக்கா பிள்ளைகளுக்கு ஒளியத்தான் சொல்லிக் கொடுக்கிறது. வயதையும் கட்டணத்தையும் பற்றி நான் இரண்டு பக்கமும் யோசித்துப் பேசுவேன். இதில் எனக்கு இரண்டு பக்கம் இல்லை.

போன வாரம் ரெடிங்கிலிருந்து ஒரு தங்கை கூப்பிட்டாள். கூடப் பிறந்தவள் இல்லை, அந்தப் பள்ளி வாசலில் கிடைத்தவள், மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய இரண்டாவது பெண் ஆகஸ்டில் பிறந்தவள், வருகிற செப்டம்பரில் ரிசப்ஷன் போக வேண்டும். "அக்கா, ஒரு வருஷம் நிறுத்தி வைக்கட்டுமா? உங்க பையன் பட்ட பாடு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஐந்து வயது முடியும்வரை அனுப்பாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அடுத்த வருஷம் ரிசப்ஷனிலேயே சேர்ப்பார்களா, நேரே முதலாம் வகுப்பில் உட்கார வைப்பார்களா என்பது சேர்க்கை அதிகாரிகள் கையில். நேரே முதலாம் வகுப்பு என்றால் அந்தச் சேற்றுச் சமையலறை வருஷம் பிள்ளைக்குப் போய்விடும். அதை மட்டும் விட்டுவிடாதே என்றேன். எழுத்து மூலமாக உறுதி கிடைத்தால் நிறுத்தி வை, கிடைக்காவிட்டால் இந்த வருஷமே அனுப்பு, ஆனால் கட்டாய வயது வரும்வரை அரை நாள் மட்டும் அனுப்ப விதியில் இடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. இதை நிறையப் பள்ளிகள் தாங்களாகச் சொல்வதில்லை.

"அரை நாள்னா மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யாருக்கா போய்க் கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டாள். அவளும் கணவரும் ஷிஃப்ட் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி ஜனவரி 15.